ஈரமாகப் போய்ச் சேர வேண்டும்

மேசை விளக்கைத் தாழ்த்தி, காரின் கூரைமேல் ஒளி சாய்வாக விழும்படி வைத்தேன். நேர் பார்வைக்கு ஆழ்ந்த கருநீலமாக இருந்த பரப்பு, சாய்வொளியில் மணல் தூவிய பலகையாகத் தெரிந்தது. விரல்நகத்தை மெல்ல இழுத்தேன். சரசரவென்று ஓசை கேட்டது. காற்றால் பெயிண்டைத் தூவும் கருவியான ஏர்பிரஷ் வாங்கிய பிறகு நான் பெயிண்ட் அடித்த முதல் 1/24 அளவு மாடல் கார் அது. தூரிகைக் கோடுகளிலிருந்து விடுபடத்தான் ஏர்பிரஷ் வாங்கினேன். கோடுகள் போய்விட்டன, அந்த இடத்தில் உப்புத்தாளின் சொரசொரப்பு வந்து உட்கார்ந்திருந்தது.

மேலே கிளியர் என்ற நிறமற்ற பூச்சை அடித்தால் எல்லாம் மறைந்துவிடும் என்று நம்பினேன். நான்கு பூச்சு அடித்தேன். கிளியர் அந்த மேடுபள்ளங்களின்மேல் அப்படியே ஏறி இறங்கிப் படிந்து, இருந்த சொரசொரப்புக்குப் பளபளப்பையும் கொடுத்துவிட்டது. அதன்பின் உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினேன். கதவின் விளிம்பிலும் சக்கர வளைவின் முனையிலும் நீலம் போய்ச் சாம்பல் நிற அடிப்பூச்சான பிரைமர் எட்டிப் பார்த்தது. அந்தக் கார் இன்றும் என்னிடம் இருக்கிறது. புதிய பெயிண்டைச் சோதிக்கும்போதெல்லாம் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

காரணம் புரிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரைச் சந்தேகித்தேன், பெயிண்ட் வெளிவரும் முனையான நாசிலைச் சந்தேகித்தேன், பெயிண்டை மாற்றிப் பார்த்தேன். உண்மையில் என் கையில் இருந்தது பயம். பெயிண்ட் ஒழுகிவிடுமோ, பக்கவாட்டில் கண்ணீர்த் தாரையாய் இறங்கிவிடுமோ என்ற பயம். அதனால் ஏர்பிரஷைத் தள்ளிப் பிடித்தேன், பொத்தானைக் கொஞ்சமாக இழுத்தேன், கையை வேகமாக ஓட்டினேன். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்த ஒவ்வொன்றும் பரப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

இந்தப் பொழுதுபோக்கில் என்னைவிடப் பல ஆண்டுகள் மூத்த ஒருவர் ஒருநாள் நான் அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். எதுவும் சொல்லாமல் ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, நான் மாடலைப் பிடித்திருந்த அதே தொலைவில் நாசிலுக்கு முன்னால் நீட்டினார். சில நொடிகள் நீலம் அதன்மேல் படிந்தது. உடனே அட்டையை இழுத்து விரலால் தேய்த்தார். நீலப் பொடி உதிர்ந்தது.

“தம்பி, நீ பெயிண்ட் அடிக்கவில்லை, பொடி தூவுகிறாய். மாடலைத் தொடும்போது இது ஈரமாக இருக்க வேண்டும். ஈரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் மீதி வேலையைப் பெயிண்டே பார்த்துக்கொள்ளும்.”

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது முழுவதும் அந்தச் சொற்களில் இருக்கிறது. அவர் சொன்னது ஏன் சரி என்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது.

நாசிலிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு நுண்துளியும் வழிநெடுகத் தன் கரைப்பானைக் காற்றுக்குப் பறிகொடுத்துக்கொண்டே போகிறது. ஒரு துளி ஆவியாவதற்கு ஆகும் நேரம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் துளியின் ஆயுள் கால்பங்காகச் சுருங்குகிறது. காற்றழுத்தத்தைக் கூட்டினால் துளி சிறிதாகிறது. தள்ளிப் பிடித்தால் பயணம் நீள்கிறது. நான் இரண்டையும் சேர்த்தே செய்துகொண்டிருந்தேன். பாதி காய்ந்து, பிசுபிசுத்த உருண்டையாக வந்து சேரும் துளியால் பரவ முடியாது. விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் அடுத்தது, அதன்மேல் இன்னொன்று. விரல்நகத்தில் சரசரத்தவை அந்த உருண்டைகள்தான்.

ஈரமாக வந்து விழும் துளிகளோ பக்கத்தில் விழுந்தவற்றோடு கலந்து ஒரே படலமாகின்றன. பிறகு பரப்பு இழுவிசை அந்தப் படலத்தின் மேடுகளை இறக்கிப் பள்ளங்களை நிரப்பத் தொடங்குகிறது. இந்தச் சமனாதலுக்கு 1960களின் தொடக்கத்தில் ஆர்ச்சர்ட் என்ற ஆய்வாளர் ஒரு சூத்திரம் கொடுத்தார். பெயிண்ட் தொழில் அதை இன்றும் பயன்படுத்துகிறது. அதில் இரண்டு செய்திகள் மாடல் செய்பவனுக்குப் பொன்னானவை. முதலாவது, சமனாகும் வேகம் படலத்தின் தடிமனுடைய மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது: ஈரப் படலம் இரண்டு மடங்கு தடிமனாக இருந்தால் எட்டு மடங்கு வேகமாகச் சமனாகும். பயந்து பயந்து அடித்த என் மெல்லிய பூச்சுகளுக்குச் சமனாக நேரமே கிடைத்திருக்காது. இரண்டாவது, ஆகும் நேரம் மேடுபள்ள அலையின் அகலத்துடைய நான்காம் அடுக்கில் ஏறுகிறது: அலை இரண்டு மடங்கு அகலமானால் அது தணியப் பதினாறு மடங்கு நேரம் வேண்டும். நுண்ணிய புள்ளிகள் கண்முன்னே மறைவதும், ஆரஞ்சுத் தோல் என்று நாம் சொல்லும் அகன்ற அலைகள் காய்ந்த பிறகும் பிடிவாதமாக நிற்பதும் இதனால்தான்.

பெயிண்ட் ஒழுகுவதும் இதே ஈரத்தால்தான். தடிமன் கூடினால் சமனாகும் வேகமும் கூடுகிறது, செங்குத்துப் பக்கத்தில் வழியும் வேகமும் கூடுகிறது. ஏர்பிரஷ் வேலையின் கடினமான பகுதி முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் குறுகிய இடத்தில் நிற்பதுதான். எதிர்ப்பக்கத்தில் வெகுதூரம் விலகி நின்றால் ஒழுகாது என்பது உண்மை. ஆனால் வழவழப்பும் கிடைக்காது.

இவ்வளவு நுணுக்கம் ஒரு சின்னப் பொம்மைக்குத் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. நான் அவர்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். நிஜமான காரின் உடல்மேல் உள்ள எல்லாப் பூச்சுகளும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 1/24 அளவில் அதே விகிதத்தில் அடிக்க வேண்டுமென்றால் படலம் நான்கு முதல் ஆறு மைக்ரானில் முடிந்துவிட வேண்டும், நம்மால் முடியாது. மாடலில் 50 மைக்ரான் படலம் என்பது நிஜக் காரில் 1.2 மில்லிமீட்டர் கனத்தில் பெயிண்ட் பூசியதற்குச் சமம். மாடலில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் அலை எழுந்தால், நிஜத்தில் அது ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள மேடு. அப்படி ஒரு கார் தெருவில் நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கண் இந்தக் கணக்கைத் தானாகவே போட்டுவிடுகிறது. அளவு சரியாக, விவரங்கள் நுட்பமாக இருக்கும் ஒரு மாடல் ஏதோ ஒரு காரணத்தால் பொம்மை மாதிரியே தெரிந்தால், பெரும்பாலும் அதன் பரப்பில்தான் குற்றம் இருக்கும்.

இன்னொன்றும் என் பயத்துக்குத் துணை செய்தது என்று பின்னால் தோன்றியது. ஏர்பிரஷ் பிறந்தது வேறு வேலைக்கு. அமெரிக்காவில் 1870களின் இறுதியில் அப்னர் பீலர் செய்த முதல் கருவி ஓவியத்துக்கானது. அதன்பின் வந்தவை பல பத்தாண்டுகள் புகைப்படங்களைத் திருத்தவும், அவற்றின்மேல் மெல்லிய நிழலும் நிறமும் ஏற்றவும் பயன்பட்டன. தாளின்மேல் பனிமூட்டம்போல நிறம் படிய வேண்டும், ஈரமே தெரியக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் தேவை. பேனாவைப் போன்ற அதன் வடிவத்தைக் கையில் எடுக்கும் யாருக்கும் அப்படித்தான் அடிக்கத் தோன்றும். கார் உடலைப் பளபளப்பாக்கும்போது அதே கருவியைப் பட்டறையில் இருக்கும் ஸ்பிரே கன் போல நடத்த வேண்டியிருக்கிறது. கருவி ஒன்றுதான், கையின் மனநிலையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி கலவைக்கு வருகிறேன். பெயிண்டை நீர்க்கச் செய்யும் தின்னர் எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் புதிதாக வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி. பால் பதம் என்பதே பொதுவான பதில். அது தவறில்லை, ஆனால் போதாது. கலவையைக் குச்சியால் தொட்டுக் கிண்ணத்தின் பக்கச்சுவரில் ஏற்றிவிட்டு, அது இறங்குவதைப் பாருங்கள். சட்டென்று இறங்கி, பின்னால் ஒளி ஊடுருவும் மெல்லிய நிறத்தை விட்டுச்சென்றால் சரியான பதம். கனமான திரையாக மெதுவாக இறங்கினால் இன்னும் தின்னர் வேண்டும். நிறமே ஒட்டாமல் தண்ணீராக ஓடினால் மிகுந்துவிட்டது. பளபளப்பான லாக்கருக்கு, அதாவது பிசினைக் கரைப்பானில் கரைத்துச் செய்த பெயிண்டுக்கு, நான் ஒரு பங்குக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு தின்னர் சேர்க்கிறேன். தமியா என்ற ஜப்பானிய மாடல் நிறுவனத்தின் குப்பி அக்ரிலிக்குக்கு ஒன்றுக்கு ஒன்றில் தொடங்குகிறேன். இவை என் கைக்கும் என் அறைக்கும் பொருந்திய அளவுகள். ஒவ்வொரு குப்பியின் கனமும் வேறு, திறந்து பல மாதம் ஆன குப்பியின் கனம் இன்னும் வேறு. ஆகவே அளவைக் காட்டிலும் பக்கச்சுவரை நம்புங்கள்.

தின்னரின் வகை அதன் அளவைவிட முக்கியம் என்பது என் துணிபு. சமனாக நேரம் வேண்டும் என்றேன் அல்லவா? அந்த நேரத்தைத் தருவது மெதுவாக ஆவியாகும் கரைப்பான். மிஸ்டர் லெவலிங் தின்னர் போன்றவற்றில் அதற்கென்றே உலர்வைத் தாமதப்படுத்தும் கரைப்பான்களைச் சேர்த்திருக்கிறார்கள். முதன்முறை அதை ஊற்றி அடித்த மாலையை நான் மறக்கவில்லை. அதே பெயிண்ட், அதே நாசில், அதே கை. பூச்சு விழுந்த கணத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளிகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டு, பரப்பு குளத்து நீர் அடங்குவதைப் போல அடங்கியது. விளக்கின் பிம்பம் கூரைமேல் முழு வட்டமாக வந்து நின்றது. தமியாவின் குப்பி அக்ரிலிக்கும் இந்தத் தின்னரோடு நன்றாகக் கலக்கும். அதில் ஆல்கஹால் வகைக் கரைப்பான் இருப்பதால் இரண்டும் ஒத்துப்போகின்றன.

தண்ணீர் அடிப்படையிலான அக்ரிலிக்குகள், அதாவது வயேஹோ போன்றவை, இந்தக் கதையில் சற்று வேறுபட்டவை. லாக்கரில் பிசின் கரைப்பானில் கரைந்திருக்கிறது. அடுத்த பூச்சு முந்தைய பூச்சைச் சிறிது கரைத்து, இரண்டும் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்துகொள்கின்றன. தண்ணீர் அக்ரிலிக்கிலோ பிசின் நுண்துகள்களாகத் தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீர் போனவுடன் துகள்கள் நெருங்கி ஒட்டிப் படலமாகிவிடுகின்றன. பிறகு தண்ணீரால் அதை மீண்டும் இளக்க முடியாது. எனவே சமனாகக் கிடைக்கும் நேரம் குறைவு, நாசில் முனையில் பெயிண்ட் காய்ந்து அடைப்பதும் அதிகம். உலர்வைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சில சொட்டுகள் சேர்ப்பது உதவும். ராணுவ வாகனத்தின் பளபளப்பில்லாத மட் நிறத்துக்கு அவை மிக நல்லவை, நாற்றமும் இல்லை. கண்ணாடி போன்ற கார் உடலுக்கு என்னைக் கேட்டால் லாக்கர்தான். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெதுவாக இறுகுவதால் அழகாகச் சமனாகும். ஆனால் காயும் நாட்கள் முழுவதும் தூசியும் அதன்மேல் ஆசையோடு வந்து இறங்கும்.

அழுத்தத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 0.3 மில்லிமீட்டர் நாசிலுக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரை. உடல் முழுவதும் ஈரமாக அடிக்கும் கடைசிப் பூச்சுக்கு 0.5 நாசில் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். ஓர் ஓட்டத்தில் அகலமாக ஈரம் வைக்க முடியும். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தத்தைப் பாருங்கள். பொத்தானைத் தொடாதபோது மானி காட்டும் எண் சற்று மிகையானது.

ஈரமாக அடிக்கக் கற்றுக்கொள்ள நான் பிளாஸ்டிக் கரண்டிகளைப் பயன்படுத்தினேன். கரண்டியின் முதுகு காரின் கூரையையும் முன்மூடியையும் போல இரண்டு திசையில் வளைந்தது. இருபது கரண்டிகளை வரிசையாக ஒட்டிவைத்து, ஒரே கலவையில், முதல் கரண்டியை மிக உலர்வாகவும் கடைசிக் கரண்டியை வேண்டுமென்றே ஒழுகும்படியும் அடித்தேன். ஒழுகவைப்பதுதான் அந்தப் பயிற்சியின் உயிர். எந்த இடத்தில் ஒழுகும் என்று கண்ணால் பார்க்காதவரை அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. பதினேழாவது கரண்டியில்தான் முதன்முதலில் ஒழுகியது. அதுவரை நான் மாடல்களில் அடித்துவந்த ஈரம் ஐந்தாவது, ஆறாவது கரண்டியோடு நின்றிருந்தது. நடுவில் இருந்த பத்துக் கரண்டிகளின் அழகை நான் இரண்டு ஆண்டுகள் பயத்தால் இழந்திருந்தேன்.

மாடலில் அடிக்கும்போது பெயிண்டைப் பார்க்காமல் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். விளக்கைத் தலைக்குமேல் வைக்காமல், அடிக்கும் இடத்தின் எதிர்ப்பக்கத்தில் தாழ்வாக வைத்து, அதன் பிம்பம் மாடல்மேல் தெரியும்படி அமருங்கள். ஏர்பிரஷ் கடந்துபோன இடத்தில் பிம்பம் முதலில் உடைந்து தெரியும். புள்ளிகள் சேரும்போது அது ஒன்றுகூடும். கூடுகிற கணம் வரை ஈரம் போதும். கூடிய பிறகும் அதே இடத்தில் கை நின்றால் அடுத்தது ஒழுகல். கை எவ்வளவு வேகத்தில் நகர வேண்டும் என்ற கேள்விக்கு வேறு விடை கிடையாது: பிம்பம் கூடும் வேகத்தில்.

எடுத்த எடுப்பில் ஈரப் பூச்சுக்குப் போகக் கூடாது. முதலில் இரண்டு லேசான பூச்சுகள், கீழே உள்ள நிறம் தெரிந்தால் தெரியட்டும். சில நிமிடம் விட்டால் அது தொட்டால் ஒட்டும் பதத்துக்கு வரும். ஈரப் பூச்சு வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொள்ள அந்த ஒட்டும் தளம் வேண்டும். பிறகு ஈரப் பூச்சு: ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் தொலைவில், மாடலுக்கு வெளியே தொடங்கி மாடலுக்கு வெளியே முடிக்கும் ஓட்டங்கள், ஒவ்வொன்றும் முந்தையதில் பாதியை மூடும்படி. காற்று முதலில், பெயிண்ட் பிறகு. நிறுத்தும்போது பெயிண்ட் முதலில், காற்று பிறகு. இந்த ஒழுங்கைத் தவறவிட்டால் ஊசி முனையில் தேங்கிய சொட்டு அடுத்த ஓட்டத்தின் தொடக்கத்தில் துப்பிவிடும். விளிம்புகளையும் குழிவான இடங்களையும் முதலில் அடித்துவிட்டு அகன்ற பரப்புகளைக் கடைசியில் அடிக்கிறேன். கூர்மையான விளிம்பிலிருந்து ஈரப் பெயிண்ட் விலகி உள்பக்கம் நகர்ந்துவிடும். அதுவும் பரப்பு இழுவிசையின் வேலைதான். என் முதல் காரில் கதவு விளிம்புகள் தேய்ந்து பிரைமர் தெரிந்ததற்கு அங்கே இயல்பாகவே பெயிண்ட் மெலிந்திருந்ததும் ஒரு காரணம்.

உடலை ஒரு பிடியில் பொருத்திக் கையில் வைத்துத் திருப்புங்கள். எந்தப் பக்கத்தை அடிக்கிறீர்களோ அது முடிந்தவரை கிடைமட்டமாக இருக்கட்டும். கிடைமட்டப் பரப்பில் ஈரத்துக்கு ஓட வழியில்லை. இந்தச் சின்ன ஏற்பாடு ஒழுகும் எல்லையை இன்னும் தள்ளிவைத்துவிடும். எனக்கு மிகப் பிடித்த உத்தி இதுதான், ஏனோ இதை அதிகம் பேர் பேசுவதில்லை.

அப்படியும் ஒழுகினால்? விட்டுவிடுங்கள். தொடாதீர்கள். துடைக்கப் போனால் ஒரு சென்டிமீட்டர்த் தவறு முழுப் பக்கத்தையும் கொண்டுபோய்விடும். இரண்டு நாள் காய்ந்த பிறகு, கட்டையில் சுற்றிய 2000 எண் உப்புத்தாளால், ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரோடு, அந்த மேட்டை மட்டும் தட்டையாக்கி மீண்டும் அடிக்கலாம். ஈரத்தில் விழுந்த தூசிக்கும் மயிரிழைக்கும் இதே மருந்துதான்.

மழைக்காலத்தில் பளபளப்புப் பூச்சு பால் ஊற்றியதைப் போல வெளுத்துப்போகும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரப்பதம் நீராகப் படலத்தின்மேல் படிகிறது. மெதுவாக ஆவியாகும் தின்னர் இங்கேயும் காப்பாற்றும். வெளுத்தே போய்விட்டால், உலர்வைத் தாமதப்படுத்தும் தின்னரை மட்டும் பனிபோல லேசாக அடித்தால் படலம் இளகி, சிக்கிய நீர் வெளியேறித் தெளிந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கம்ப்ரசர் குழாயிலிருந்து வரும் நீர்ச்சொட்டு வேறு வகைத் தொல்லை. தொட்டி உள்ள கம்ப்ரசரும் நீர்ப்பிடிப்பானும் இருந்தால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கீழே உள்ள தளம் கரடாக இருந்தால் மேலே உள்ள எந்த ஈரமும் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாடலின் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெயும் விரலின் எண்ணெயும் இருக்கும் இடத்தில் பெயிண்ட் மீன்கண் போல வட்டமாக விலகிக்கொள்ளும். பட்டி பார்த்த இணைப்புகளைத் தேய்த்துவிட்டு மிஸ்டர் சர்ஃபேசர் 1500 போன்ற நுண்ணிய பிரைமரையும் ஈரமாகவே அடியுங்கள். பிரைமர்தானே என்று நான் அதைப் பல ஆண்டுகள் உலர்வாக அடித்தேன். மேலே வரப்போகும் மணலுக்கு அங்கேயே விதை போட்டுக்கொண்டிருந்தேன். சிவப்புக்கு அடியில் இளஞ்சிவப்பும் மஞ்சளுக்கு அடியில் வெள்ளையும் பிரைமராக இருந்தால் குறைந்த பூச்சிலேயே நிறம் முழுமையாக வந்துவிடும். பூச்சு குறையக் குறைய, நான் மேலே போட்ட தடிமன் கணக்கும் நமக்குச் சாதகமாகும்.

உலோக நிறங்கள் மட்டும் இந்த விதிக்கு வெளியே நிற்கின்றன. ஆல்கிளாட் போன்ற உலோகப் பூச்சுகளைக் கண்ணாடி போன்ற கறுப்புத் தளத்தின்மேல் குறைந்த அழுத்தத்தில் மெல்ல மெல்லப் படியவிட வேண்டும். அங்கே ஈரத்தின் வேலையைக் கறுப்புத் தளம் ஏற்கெனவே முடித்துவைத்திருக்கிறது. உலோகத் துகள் அந்த வழவழப்பைக் கடன் வாங்கிக்கொள்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து பி-51 மஸ்டாங் போர்விமானம் ஒன்றை வெறும் உலோக நிறத்தில் செய்யப் படித்தபோது ஒரு செய்தி என்னை நிறுத்தியது. நிஜ மஸ்டாங்கின் இறக்கைகள் வெறும் உலோகமாக விடப்படவில்லை. அந்த இறக்கையின் வடிவம் காற்று சீராக ஒட்டி ஓடுவதை நம்பியிருந்தது. அதனால் தொழிற்சாலையில் இறக்கையின் முன்பகுதியில் ஆணித் தலைகளையும் தகட்டு இணைப்புகளையும் பட்டியால் நிரப்பி, தேய்த்து, வெள்ளி நிற லாக்கர் அடித்தார்கள். நான் ஒரு மேசையில் செய்துகொண்டிருந்த அதே வேலையைப் போர்க்காலத் தொழிலாளிகள் முழு அளவில் செய்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மஸ்டாங் மாடலின் இறக்கையில் ஆணி வரிசைகளை நிரப்பிவிடுகிறேன். உடற்பகுதிக்கு உலோகம், இறக்கைக்கு வெள்ளி லாக்கர்.

மட் நிறத்துக்கு வழவழப்பு எதற்கு என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. பளபளப்பின்மை வேறு, சொரசொரப்பு வேறு. மட் பெயிண்டின் கரடு கண்ணுக்குத் தெரியாத நுண்ணளவில் ஒளியைச் சிதறடிக்கிறது. உலர்ந்து வந்து ஒட்டிய உருண்டைகள் சாய்வொளியில் கண்ணுக்கே தெரிகின்றன. அதன்மேல் டீகால் எனப்படும் மெல்லிய படலச் சின்னங்களை ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மினுங்கும். ராணுவ டாங்கியின் பச்சை நிறத்தையும் நான் ஈரமாகவே அடிக்கிறேன். அது காய்ந்து தானாக மட் ஆகட்டும்.

தேய்த்து மெருகேற்றுவதைப் பற்றி என் கருத்து பலருக்கு உவக்காது. 3000 எண்ணில் தொடங்கி 12000 வரை தேய்த்து, மூன்று வகைப் பசை போட்டுக் கண்ணாடியாக்குவதை நான் மதிக்கிறேன், டீகாலின் விளிம்பைக் கிளியருக்குள் மறைக்க அது தேவையும்கூட. ஆனால் அடிக்கும்போது செய்த தவறைத் திருத்தும் வழியாக அதை எடுத்துக்கொண்டால், பரப்பில் செதுக்கிய வரிகளின் கூர்மையும் விளிம்புகளும் மெல்ல மழுங்கி, மாடல் சோப்புக்கட்டி போலாகிவிடும். கடைசியாக நான் செய்த நான்கு கார்களில் இரண்டை மெருகேற்றவே இல்லை.

லாக்கர் அடிப்பவர்கள் உடலைக் காத்துக்கொள்ள வேண்டும். கரிம ஆவிகளுக்கான வடிகட்டி பொருத்திய முகமூடியும், காற்றை வெளியே தள்ளும் விசிறிப் பெட்டியும் இல்லாமல் நான் தின்னர் குப்பியைத் திறப்பதில்லை. துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. பக்கத்தில் தீ, தீப்பொறி எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் கார் கிளியர்கள் தரும் பளபளப்புக்கு ஈடில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவற்றின் கெட்டிப்பானில் உள்ள ஐசோசயனேட் ஒருவருக்கு ஒருமுறை ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடும். வீட்டு அறையில் அவற்றை நான் அடிக்க மாட்டேன், யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

நேற்று மாலை ஒரு சிவப்புக் காருக்குக் கடைசி ஈரப் பூச்சு அடித்தேன். பின்பக்கத் தூணுக்கும் கூரைக்கும் இடையே உள்ள வளைவில் கை ஒரு நொடி தயங்கியது. பழைய பயம் அங்கே இன்னும் இருக்கிறது. பிம்பம் கூடும்வரை காத்திருந்து நகர்ந்தேன். ஒழுகவில்லை. உடனே மூடியுள்ள பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

இன்று காலை மூடியைச் சற்றுத் தூக்கி முகர்ந்து பார்த்தேன். தின்னர் வாசம் இன்னும் இருக்கிறது. தொட்டால் காய்ந்ததாகவே தெரியும், ஆனால் அடியில் கரைப்பான் வெளியேறிக்கொண்டிருக்கிறது. வாசம் முற்றிலும் போகும்வரை டீகாலும் கிளியரும் காத்திருக்க வேண்டும். மூடியை மறுபடி இறக்கிவிட்டேன்.